புகைக் கொட்டகையில் என் கல்யாணம்

என் அப்பா வானத்தைப் பார்த்து மழை சொல்லுகிறவர். சேலத்துப் பக்கத்தில் அவருடைய ஊரில் அவருக்கு அந்தப் பெயர் இருந்தது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு எந்தத் திசையில் போகிறது, தும்பி எவ்வளவு தாழப் பறக்கிறது, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, இன்றைக்கு மழை இல்லை என்பாராம். மழை வராதாம். வருஷத்தில் முக்கால்வாசி காய்ந்து கிடக்கிற ஊரில் மழை வராது என்று சொல்லிப் பெயர் வாங்குவது பெரிய காரியமில்லை. அது அவருக்கும் தோன்றவில்லை, வந்து கேட்டவர்களுக்கும் தோன்றவில்லை. அந்தப் பெயரோடுதான் அவர் கப்பலேறினார்.

வந்து சேர்ந்த இடம் ஜொகூரில் ரெங்கத்துக்கு அருகே ஆற்றோரமாக இருந்த ரப்பர் தோட்டம். இங்கே காலையில் வெயில் கொளுத்தும், மத்தியானம் இடி இறங்கும், சாயங்காலம் வானம் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி இருக்கும். எறும்புகள் எல்லா நாளும் முட்டையைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய்க்கொண்டிருக்கும். தும்பிகள் அவற்றின் இஷ்டத்துக்குப் பறக்கும். அப்பா மட்டும் சேலத்தில் சொன்னதையே இங்கேயும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோட்டத்து ஜனங்கள் சில வருஷங்களிலேயே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா சொல்வதற்கு நேர் எதிராகச் செய்தால் நனையாமல் தப்பலாம். அதனால் அவரிடம் கேட்பதை யாரும் நிறுத்தவில்லை. முன்னைவிட அதிகமாகக் கேட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா தினமும் காலையில் வந்து, துணி காயப்போடலாமா என்று மரியாதையாகக் கேட்பார். தாராளமாகப் போடும்மா என்பார் அப்பா. அக்கா நேரே போய்க் கொடியை வீட்டுக்குள் கட்டுவார். இவ்வளவு பேர் தம்மைத் தேடி வந்து கேட்கிறார்களே என்று அப்பாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அவரிடம் உண்மையை யாரும் சொன்னதில்லை. அம்மாவும் சொல்லவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "சொல்லி என்ன ஆவப்போவுது? அவரு சொல்றது நமக்கு உதவுதா இல்லையா?" என்றார்.

உதவியது என்பது நிஜம். எங்கள் தோட்டத்தில் தண்ணீருக்குப் பயந்துதான் ஆக வேண்டும். வெள்ளைக்கார மேனேஜர் துரையின் பங்களா மேட்டின் உச்சியில். கணக்கெழுதுகிற கிராணியின் வீடு நடு மேட்டில். கூலிக்காரர்களான எங்கள் வரிசை வீடுகள், அதாவது லயங்கள், ஆற்றை ஒட்டிய பள்ளத்தில். ஆறு பெருகினால் வெள்ளம் உத்தியோகத்தில் சின்னவர்களிடமிருந்து தொடங்கி முறைப்படி மேலே ஏறும். சாதாரண வருஷங்களில் வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். விறகையும் அரிசியையும் கட்டிலின் மேல் ஏற்றிவிட்டு நாங்கள் படியில் உட்கார்ந்திருப்போம். தண்ணீரைவிட அதில் மிதந்து வருகிற பூரானுக்குத்தான் எனக்குப் பயம். காற்று வேறு. திடீரென்று ஒரு பேய்க்காற்று அடித்தால் வயதான ரப்பர் மரங்கள் வேரோடு சாயும்; லயத்துக் கூரைத் தகடு பறந்துபோய் அடுத்த லயத்தில் விழும்; அவர்கள் அதைத் திருப்பித் தர யோசிப்பார்கள்.

அப்பாவுக்கு வேலை புகைக் கொட்டகையில். பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கிய ரப்பர் ஷீட்டுகளைக் கழிகளில் துணிபோலத் தொங்கவிட்டு, கீழே விறகுப் புகை போட்டு நாள்கணக்கில் காயவைக்கிற கொட்டகை அது. லயத்துக்கு மேலே, கிராணி வீட்டுக்குக் கீழே, ஒரு திட்டில் இருந்தது. நடுவில் பலகைத் தடுப்பு, இரண்டு பக்கமும் பெரிய அறைகள். அந்த நெருப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது அப்பாவின் பொறுப்பு. அவர் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் அவருடைய வாசனை வந்துவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை செடெனாக் பக்கத்துத் தோட்டத்தில் மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். அவருக்கு அப்பா இல்லை. எல்லாம் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். பெண் பார்க்கத் தாய்மாமனும் மாமியாரும் மட்டும்தான் வந்தார்கள். தாய்மாமன் என் மூக்கைக் குறை சொன்னார், எங்கள் லயம் பார்த்திருந்த திசையைக் குறை சொன்னார், அம்மா போட்ட காப்பியைக் குறை சொல்லிக்கொண்டே முழுவதும் குடித்தார். மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. கணவர் இறந்தபோதுகூடக் கண்ணீர் விடாத கல் என்று அவரைப் பற்றி எங்களுக்கு முன்பே தகவல் வந்திருந்தது.

தாய்மாமன் கல்யாணத்தைச் சித்திரையில் வைக்கலாம் என்றார். அப்பா ஒப்பவில்லை. மார்கழியோடு மழை போய்விடும், தையில் வைப்போம் என்றார். "தை மழை நெய் மழைன்னு சொல்லுவாங்க. சோத்துல நெய் விடுற அளவுக்குத்தான் பெய்யும்" என்று விளக்கம் சொல்லி, எறும்பு, தும்பி, நிலாக் கோட்டை எல்லாவற்றையும் எடுத்து விரித்தார். தாய்மாமனுக்கு விஷயம் தெரிந்தவர்கள் என்றால் தனி மரியாதை. அன்றைக்கு அவர் குறை சொல்லாத ஒரே பொருள் அப்பாவின் மழை ஞானம்தான். தை மாதத்துக்கே நாள் குறித்தார்கள்.

செய்தி லயத்துக்குள் பரவிய அன்றே பக்கத்து வீட்டு அக்கா தன் ஆடுகளை மேட்டுக்கு ஓட்டிப்போய்த் தெரிந்தவர் வீட்டில் கட்டிவிட்டு வந்தார். கடைசி வீட்டுக்காரர் கூரையைக் கம்பி போட்டு இறுக்கினார். கொஞ்ச நாளில் தோட்டத்து அரிசி மூட்டைகளைக் கிராணி வீட்டுப் பக்கம் ஏற்றும்படி துரையிடமிருந்து உத்தரவு வந்தது. அதற்கும் அப்பாவுக்கும் சம்பந்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்கும் என்றுதான் லயத்தில் எல்லாரும் நம்பினார்கள்.

பொங்கல் முடிந்து மழை பிடித்தது. தாரை தாரையாகக்கூட இல்லை. மேலே யாரோ அணையை வெட்டிவிட்ட மாதிரி. தகரக் கூரையின் கீழே பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. மரம் வெட்டு நின்றது. எங்கள் வாசலில் போட்டிருந்த கல்யாணப் பந்தலின் ஓலை ஒவ்வொன்றாகக் கழன்று ஆற்றைப் பார்க்கப் போனது. கட்டியிருந்த வாழை மரங்கள் மட்டும் முழங்கால் தண்ணீரில் தோட்டத்தில் நிற்பதுபோலச் செழிப்பாக நின்றன. நெய் மழை என்றாரே என்று யாரோ முனகியதற்கு, "நெய்ப்பானையே கவுந்துருச்சு போல" என்றார் அம்மா.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் தண்ணீர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. ஜனங்கள் போவதா இருப்பதா என்று தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அப்பா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். விரலை எச்சிலில் நனைத்துக் காற்றில் பிடித்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பயப்பட வேண்டாம், மத்தியானத்துக்குள் வடிந்துவிடும் என்றார்.

அவ்வளவுதான். லயம் முழுவதும் மூட்டை கட்டத் தொடங்கியது.

கைக்குழந்தைக்காரிகளைத் துரை தன் மோட்டார் கொட்டகைக்கு வரச் சொன்னார். மற்றவர்கள் எல்லாரும் புகைக் கொட்டகைக்கு ஏறினோம். அம்மா கல்யாணத்துக்கு வாங்கிவைத்த வெல்லப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டார். அக்கா கோழிகளைக் கூடையில் கவிழ்த்துத் தூக்கினார். கோயில் பண்டாரம் குத்துவிளக்கைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தார். அப்பா கடைசியாக, அவசரப்படுகிறார்களே என்ற வருத்தத்தோடு வந்தார்.

துரை மழைக்கோட்டோடு வந்து கதவருகே நின்று பார்த்தார். உள்ளே ஷீட்டுகளுக்கு நடுவே ஒரு லயமே உட்கார்ந்திருந்தது. அவர் கிராணியிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நெருப்பை அணைக்கக் கூடாது, அணைத்தால் ஷீட்டெல்லாம் பூசணம் பிடித்துவிடும் என்று கிராணி தமிழில் சொன்னார். அப்பாதான் வழி சொன்னார். ஷீட்டையெல்லாம் ஒரு அறைக்கு மாற்றி அங்கே மட்டும் சின்ன நெருப்பாகப் போடுவது. ஜனங்கள் அடுத்த அறையில் இருப்பது. துரை தலையை ஆட்டினார்.

பலகைத் தடுப்பில் இடுக்கு இல்லாத இடமே கிடையாது என்பதை நாங்கள் உள்ளே குடியேறிய பிறகுதான் கண்டுகொண்டோம். புகை தாராளமாக வந்தது. நின்றவர்கள் அழுதார்கள், உட்கார்ந்தவர்கள் இருமினார்கள், படுத்துக் கிடந்தவர்கள் மட்டும் மனிதர்களாக இருந்தார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்திலேயே கதகதப்பாகவும் காய்ந்தும் இருந்த இடம் அது ஒன்றுதான். அப்பா தன் வேலை இடத்துக்கு விருந்தாளிகள் வந்துவிட்ட வீட்டுக்காரர்போல அங்குமிங்கும் நடந்து, யார் எங்கே படுத்தால் புகை குறைவு என்று காட்டிக்கொடுத்தார். அந்த விஷயத்தில் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ரயில் ஊர்ந்து ஊர்ந்து ரெங்கம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. தோட்டத்துப் பாலம் தண்ணீருக்கு அடியில். கூட வந்த சொந்தக்காரர்கள் ஊரிலேயே ஒரு சீனர் கடை மாடியில் தங்கிவிட்டார்கள். முக்கியமான மூன்று பேரை மட்டும் கம்பம் என்கிற பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து மலாய்க்காரர் ஒருவர் தன் சம்பான் படகில் ஏற்றிக்கொண்டு, ரப்பர் மர வரிசைகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு வந்தார்.

நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். படகின் முன்னால் தாய்மாமன் குடையை விரித்துப் பிடித்து, ஊர்வலம் போகிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நடுவில் மாமியார், மடியில் தகரப் பெட்டி. பின்னால் ஓர் ஆள் குனிந்து, தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீரை இறைத்து இறைத்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். கூலிக்கு வந்த ஆள் என்று நினைத்தேன். அக்கா என் விலாவில் இடித்து, அதுதான் மாப்பிள்ளை என்றார்.

கரைக்குக் கிட்டே வந்ததும் படகு ஒரு மரக்கட்டையில் தட்டிச் சாய்ந்தது. குடை தப்பித்தது. மாப்பிள்ளையும் பெட்டியும் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் விழுந்தார்கள். அவர் எழுந்தபோது பெட்டி தலைமேல் இருந்தது, வேட்டி இடுப்பில் இல்லை. மலாய்க்காரர் சிரிக்காமல் தன்னிடமிருந்த கட்டம் போட்ட கைலியை எடுத்து நீட்டினார். அந்தக் கைலியோடும், கையில் இன்னும் விடாத சிரட்டையோடும்தான் அவர் தன் மாமனார் முன்னால் வந்து நின்றார்.

பெட்டியில் இருந்த கூறைப்புடவையும் பட்டு வேட்டியும் நனைந்துவிட்டன. அப்பா அவற்றை வாங்கிக்கொண்டு போய் ஷீட்டுகளுக்குப் பக்கத்துக் கழியில் விரித்தார். சீக்கிரம் காயும் என்றார். காய்ந்தது என்பதில் சந்தேகமில்லை. மஞ்சள் புடவை தேன் நிறத்துக்கு வந்தது. வெள்ளை வேட்டி பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது.

தாய்மாமன் கொட்டகைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கண்ணைத் துடைத்தார், இருமினார், மறுபடி கண்ணைத் துடைத்தார். அப்பா அவருக்கு ஷீட் புகையேறுகிற விதத்தைப் பெருமையோடு விளக்கிக்கொண்டே பின்னால் போனார். அவர் பாதியில் நிறுத்தி, இந்த இடத்தில் கல்யாணம் நடக்காது என்றார். பந்தல் போய்விட்டது, மேளக்காரர்கள் வரவில்லை, மாப்பிள்ளை தண்ணீரில் விழுந்தாயிற்று, இதைவிடக் கெட்ட சகுனம் வேண்டாம். "தண்ணி வடிஞ்சதும் பையனைக் கூட்டிக்கிட்டுப் போறேன். சித்திரையில பாத்துக்கலாம்."

சித்திரை என்றால் என்ன என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். தள்ளிப்போன கல்யாணம் தள்ளிக்கொண்டே போகும். மாமியார் புகையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த மனிதரின் முகம்கூட அதுவரை சரியாகத் தெரியாது. ஆனால் குடை பிடித்து உட்காராமல் தண்ணீர் இறைத்த ஆள் என்று தெரியும். அவரை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஒரு ஷீட்டின் பின்னால் நின்று நிஜமாகவே அழுதேன். அது யாருக்கும் தெரியவில்லை, எல்லாருமே அழுதுகொண்டிருந்தார்கள்.

அப்போது தாய்மாமன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதான் மழை தெரிஞ்சவராச்சே. சொல்லுங்க, எப்ப வடியும்?"

இருமுகிறவர்கள்கூட இருமலை அடக்கினார்கள். அப்பா இன்னும் பெய்யும் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. காலையில் வானம் வெளுத்து, மாப்பிள்ளை போய்விடுவார். அப்பா தூணருகே போய் எறும்புகளைப் பார்த்தார். கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டினார். உள்ளே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய முகம் சரியில்லை. மகளுடைய கல்யாணத்துக்கு வேண்டியதைச் சொல்வதா, உண்மையைச் சொல்வதா என்று அவருக்குள் ஒரு போராட்டம் நடந்தது. உண்மைதான் ஜெயித்தது.

"நான் பொய் சொல்லமாட்டேங்க," என்றார். "பொழுது விடியறதுக்குள்ள மழை நின்னுரும். காலையில தண்ணி வடிஞ்சுரும். நீங்க கெளம்பலாம்."

அக்கா என் கையைப் பிடித்து எலும்பு நொறுங்குகிற மாதிரி அழுத்தினார். மூலையில் யாரோ சாமியைக் கும்பிட்டார்கள். பண்டாரம் குத்துவிளக்கைத் துடைக்க ஆரம்பித்தார். அம்மா எழுந்து போய்ச் சாதத்துக்கு அரிசியை அளந்து வைத்துவிட்டு, மஞ்சளை எடுத்து அரைக்க உட்கார்ந்தார். அப்பா ஒன்றும் புரியாமல் அவர் அருகே போனார்.

"நான் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு," என்றார் அம்மா. "அதனாலதான்."

விடிந்தபோது மழை முன்னைவிடப் பலமாகப் பெய்துகொண்டிருந்தது. போக வழியில்லை என்றால் தாய்மாமன் முகூர்த்தத்துக்கு இணங்கித்தானே ஆக வேண்டும். சமையலுக்கு, பந்திக்கு என்று எல்லாரும் சுறுசுறுப்பாகத் திரிந்தார்கள். எனக்கு நலங்கு வைத்து முடித்த பிறகுதான் தாய்மாமனைக் காணோம் என்று தெரிந்தது. அவருடைய குடையும் மூட்டையும்கூட இல்லை. தோட்டத்தில் அப்பாவின் பேச்சை உள்ளபடி நம்பியவர் அவர் ஒருவர்தான். விடியுமுன் மழை சற்று ஓய்ந்த ஒரு நேரத்தில், சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்து, பாதையைப் பார்த்து வரத் தனியே இறங்கிப் போயிருக்கிறார்.

அக்காதான் கண்டுபிடித்தார். கீழே மாட்டுக் கொட்டகையின் கூரைமேல் ஒரு கறுப்புக் குடை விரிந்திருந்தது. மாடுகளை முந்தின நாளே மேட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். கூரையைச் சுற்றி வெள்ளம் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் சிரிப்பு நின்றது. கூரை பழையது. கால்கள் மூங்கில். ஒரு மரம் வந்து மோதினால் போதும்.

மலாய்க்காரர் இரவு எங்களோடுதான் தங்கியிருந்தார். உடனே சம்பானை அவிழ்த்தார். மாப்பிள்ளை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட ஏறினார். நலங்கு மஞ்சள் பூசிய முகத்தோடு அவர் வெள்ளத்தில் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி கட்டுவதற்கு முன்னால் ஒரு பெண் இவ்வளவு பயப்படலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கூரையில் நடந்ததை அவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். தாய்மாமன் தனியாக இல்லை. கூரையின் மறு ஓரத்தில் ஒரு பெரிய உடும்பு தங்கியிருந்தது. வெள்ளத்துக்குப் பயந்து அதுவும் ஏறியிருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விடியலிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். படகு அணையக்கூடிய ஓரம் உடும்பு இருந்த பக்கம். தாய்மாமன் நகர மறுத்துவிட்டார். மலாய்க்காரர் துடுப்பால் கூரையைத் தட்டினார், உடும்பு அசையவில்லை. கடைசியில் மாப்பிள்ளை, "மாமா, அது உங்களுக்குப் பயந்துதான் உக்காந்திருக்கு. மெதுவா வாங்க. முகூர்த்தம் முடிஞ்சதும் எங்கள எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க" என்று சொல்லி, கையைப் பிடித்து இறக்கியிருக்கிறார். படகு நகர்ந்ததும் உடும்பு இடம் மாறி, அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் வசதியாகப் படுத்துக்கொண்டதாம்.

நனைந்து நடுங்கி வந்த தாய்மாமன் யாரையும் திட்டவில்லை. சுக்குக் காப்பியை வாங்கிக் குறை சொல்லாமல் குடித்தார். பிறகு கிழக்கு முகமாக உட்கார்ந்து, வெள்ளம் தாண்டி உயிரோடு வந்தவன் கையால் பட்டம் கட்டினால் அந்தக் கல்யாணம் கெட்டி, இதைவிட நல்ல சகுனம் கிடையாது என்று சொல்லி, மாப்பிள்ளையை உட்காரச் சொன்னார்.

அப்பா ஓர் ஓரத்தில் ஒடுங்கி நின்றுகொண்டிருந்தார். தன் வாக்கால் ஓர் உயிர் போகப் பார்த்ததே என்ற துக்கம் அவருக்கு. ஒருவர் போய், அண்ணே, இனி எப்படி என்று கேட்டார். அப்பா எறும்பைப் பார்க்கவில்லை, தும்பியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கென்னமோ இன்னும் ஏறும்னு தோணுது" என்றார்.

எல்லாருக்கும் பெரிய நிம்மதி. ஏறும் என்று சொல்லிவிட்டார், இனி வடிந்துவிடும். கட்டிவைத்திருந்த மூட்டைகளைக்கூட அவிழ்த்தார்கள். பண்டாரம் நிதானமாகச் சாமான்களைப் பரப்பினார். நான் தேன் நிறப் புடவையில் மணையில் உட்கார்ந்தேன். அவர் தேத்தண்ணி நிற வேட்டியில் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மி லயத்தில் தண்ணீருக்குள் கிடந்ததால், மிதிப்பதற்கு அடுப்பிலிருந்து ஒரு செங்கலை எடுத்துவைத்தார்கள். அதை எடுத்தவர் ஆறவைக்க மறந்துவிட்டார். நான் மிதித்த வேகத்தில் அந்தப் பக்கம் போய் நின்றேன். பெண் சுறுசுறுப்பு என்றார் தாய்மாமன்.

பண்டாரம் தாலியைக் கையில் எடுத்தபோது, அடுத்த அறையில் புஸ் என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய பாம்பு சீறுவதுபோல. யாரோ கதவைத் திறந்து பார்த்தார்கள். வெள்ளம் திட்டைத் தொட்டு, அடுப்பு வாய்க்குள் நுழைந்துகொண்டிருந்தது. அப்பா இந்த நாட்டில் மழையைப் பற்றிச் சொல்லி உள்ளபடியே பலித்த முதல் வாக்கு அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு மட்டும் யாரும் தயாராக இல்லை.

நீராவியும் புகையும் சேர்ந்து பலகை இடுக்குகள் வழியாக மொத்தமாகக் கொட்டின. எதிரே இருப்பவர் தெரியவில்லை. குழந்தைகள் அலறின. அக்காவின் கோழிகள் கூடையோடு பறந்தன. கட்டு, கட்டு என்று தாய்மாமன் குரல் மட்டும் கேட்டது. பண்டாரம் மந்திரத்தை இருமலுக்கு நடுவில் எங்கோ முடித்தார். என் கழுத்தைத் தேடி ஒரு கை முதலில் காதைத் தொட்டது, பிறகு மூக்கைத் தொட்டது. "எங்க இருக்கீங்க?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். அதுதான் என் வீட்டுக்காரர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "இங்கதான்" என்று கழுத்தை நீட்டினேன். மூன்று முடிச்சும் போட்டார். என் பின்னலில் பாதியையும் சேர்த்துத்தான் போட்டார். அதைப் பிரிக்க அம்மாவுக்கு அன்று மாலை வரை ஆனது.

மாலையும் கழுத்துமாக நாங்கள் எல்லாரும் மழையில் மேட்டுக்கு ஓடினோம். துரை பங்களா வாசலில் நின்று, புகையால் கறுத்து, அழுது சிவந்த கண்களோடு வருகிற கல்யாண ஊர்வலத்தைப் பார்த்தார். ஷீட்டுகள் எல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்பா, பாதியைக் கழியோடு மேல் பரணுக்கு ஏற்றிவிட்டேன் என்றார். துரை உள்ளே போய் ஒரு பிஸ்கோத்து டின்னைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பந்தி மோட்டார் கொட்டகையில், மோட்டாரைச் சுற்றி உட்கார்ந்து நடந்தது. தண்ணீர் கிராணி வீட்டுப் படி வரை போய் அங்கே நின்றது.

என் மாமியார் அன்றைக்குத் தாரை தாரையாக அழுதார். கல் என்று பெயர் எடுத்தவர் மருமகள்மேல் பாசம் தாங்காமல் கல்யாணம் முழுவதும் அழுதாரே என்று இரண்டு தோட்டத்திலும் பேசிக்கொண்டார்கள். அவர் அதை மறுத்ததே இல்லை. அப்பாவும், தான் ஏறும் என்று சொன்னதும் ஏறியதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளம் வடிய நாளாயிற்று. ரயில் பாதையை மண் அரித்துவிட்டதால் மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போக முடியவில்லை. எங்கள் தோட்டத்தில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் லயத்தின் கடைசி வீட்டைக் கூரைக் கம்பியோடு ஆறு எடுத்துக்கொண்டு போய்விட்டது. அக்கா வீட்டுச் சுவர் விழுந்திருந்தது. மலாய்க்காரரின் வயல் முழுவதும் மணல் மூடிவிட்டது என்று கேள்விப்பட்டு, அப்பாவும் தாய்மாமனும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மண்வெட்டியோடு போனார்கள். பிறகு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்காரர் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கசப்பு மருந்து ஊற்றினார்.

எங்கள் வீட்டுக்குள் முழங்கால் உயரம் சேறு. அதை வாரிக் கொட்டுகிற வேலையை எனக்கும் அவருக்கும் கொடுத்துவிட்டு மற்றவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். வேண்டுமென்றே போனார்களா என்று தெரியாது. நான் முறத்தால் வாரினேன், அவர் கூடையில் சுமந்துபோய்க் கொட்டினார். கூடை பல முறை நிறைந்தது. பிறகு அவர், நான் தண்ணீரில் விழுந்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். கொஞ்சம் யோசித்து, எல்லாவற்றையுமா என்று கேட்டார். நான் குனிந்து சேற்றை வாரினேன். அவர் சிரித்தார். அதற்குப் பிறகு பேச்சு நிற்கவில்லை. செடெனாக்கில் வீடு மேட்டில்தான் இருக்கிறது என்றார். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் துரு வாசம் அடிக்கும் என்றார். மாமா குறை சொன்னால் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்.

சமையற்கட்டு மூலையில் பெரிய தவலை சேறும் தண்ணியுமாக நின்றது. அதைக் கவிழ்க்கப் போனபோது உள்ளே ஏதோ அடித்தது. நான் பாம்பு என்று கத்திக்கொண்டு அவர் பின்னால் போய் நின்றேன். அவர் முறத்தைக் கேடயம்போலப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். கொழுத்த கெளுத்தி மீன். ஆறு போகும்போது விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதைப் பிடிக்க இரண்டு பேரும் சேற்றில் விழுந்து எழுந்ததில், காலையிலிருந்து கழுவிய இடமெல்லாம் பழையபடி ஆயிற்று.

ஈரவிறகை ஊதி ஊதி நெருப்புப் பிடிக்கவைத்து அந்த மீனைக் குழம்பு வைத்தேன். புளி அதிகமாகிவிட்டது. பச்சை மிளகாய் கிடைக்கவில்லை. ஒரே தட்டுதான் சுத்தமாக இருந்தது. அவர் முதலில் நீங்கள் சாப்பிடுங்கள் என்றார், நான் நீங்கள் சாப்பிடுங்கள் என்றேன், சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் தட்டை நடுவில் வைத்து, மீன் தலையை நான் எடுத்துக்கொண்டேன்.